கலிஃபோர்னியாவில் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் தொடங்க மனு: கையெழுத்து ஏக்கரில், ஓட்டு டாலரில்

கலிஃபோர்னியாவில் திராட்சை, பாதாம் என்று நிலம் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், போர்வெல் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதில் பேச்சு தொடங்கும். ‘நாமே ஒரு வாட்டர் டிஸ்ட்ரிக்ட் ஆரம்பித்துவிட்டால் என்ன?’ என்பதில் போய் முடியும். ஆரம்பிக்கலாம். நிலத்தின் சொந்தக்காரர்களே மனுப் போட்டு ஓர் அரசு அமைப்பை உண்டாக்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. மனு எழுதுவது பெரிய வேலையே இல்லை. மனுவுக்கு முன்னால் போட வேண்டிய கணக்குதான் வேலை. அதைப் போடாமல் கையெழுத்து வாங்கக் கிளம்பியவர்கள்தான் பெரும்பாலும் பாதி வழியில் நிற்கிறார்கள்.

(‘நீர் மாவட்டம்’ என்று தமிழில் சொன்னால் கலெக்டர் அலுவலகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதனால் இங்கே வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்றே எழுதுகிறோம்.)

தொடங்கினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்பது கவுண்டிக்குக் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் போன்றது) கட்டுப்படாத தனி உள்ளாட்சி அமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் குழு இருக்கும். வாய்க்கால், குழாய், பம்பு எல்லாவற்றையும் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், தண்ணீர் வாங்க ஒப்பந்தம் போடலாம், எல்லைக்குள் இருக்கும் நிலத்தின் மேல் கட்டணம் விதிக்கலாம்.

தண்ணீர் மட்டும் தானாக வராது. டிஸ்ட்ரிக்ட் பிறந்ததால் ஆற்றில் ஒரு சொட்டு உரிமைகூடக் கூடாது. ஆற்று நீரைப் புதிதாக எடுக்க மாநில நீர்வள வாரியத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 1914 முதல் அதற்கென்று அனுமதி முறை இருக்கிறது. எனவே ‘எங்கிருந்து தண்ணீர்?’ என்ற கேள்விக்கு ஒரு வரியிலாவது பதில் இல்லாதவர்கள், டிஸ்ட்ரிக்ட் எதற்கு என்பதை முதலில் தங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இன்றைக்குப் பெரும்பாலோருக்கு அந்தக் காரணம் நிலத்தடி நீர்ச் சட்டம். 2014-இல் வந்த அந்தச் சட்டப்படி, உயர் அல்லது நடுத்தர முன்னுரிமை என்று மாநிலம் வகுத்த ஒவ்வொரு நீர்ப்படுகைக்கும் உள்ளூர் நிலத்தடி நீர் முகமை ஒன்றோ பலவோ இருக்க வேண்டும். யார் எவ்வளவு இறைக்கலாம், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்யும். முகமையாக ஆக உள்ளூர் அரசு அமைப்புக்கே தகுதி உண்டு. விவசாயிகள் சங்கத்துக்கோ தனியார் கம்பெனிக்கோ இல்லை. எந்த டிஸ்ட்ரிக்டிலும் சேராத நிலம் கவுண்டியின் பொறுப்பில் விழும். ‘நம் கிணற்றைப் பற்றி முடிவு செய்யும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும்’ என்பதே மனுவின் உண்மையான காரணம் என்றால், மனுவிலும் அதையே எழுதுங்கள். வராத வாய்க்காலைக் காரணமாகக் காட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு டிஸ்ட்ரிக்ட் இருந்து, அது உங்கள் நிலத்தைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால், புதிதாகத் தொடங்குவதைவிட அது குறைந்த செலவில் முடியலாம். புது அமைப்புக்கு அனுமதி தருமுன், இருக்கிற அமைப்புகளே இந்த வேலையை இன்னும் திறமையாகச் செய்ய முடியாதா என்று ஆராய வேண்டியது லாஃப்கோ எனப்படும் உள்ளாட்சி எல்லை ஆணையத்தின் சட்டக் கடமை. பக்கத்து டிஸ்ட்ரிக்டிடம் கேட்டுப் பார்த்ததற்கும், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கும் கடிதம் கையில் இருந்தால் விசாரணையன்று அரை மணி நேர வாதம் மிச்சம்.

எந்தச் சட்டத்தின் கீழ்

கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்ட் தொடங்கும் சட்டம் ஒன்றல்ல, பல. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதை வைத்துத்தான் யார் கையெழுத்துப் போடலாம், யார் ஓட்டுப் போடலாம், யார் இயக்குநராகலாம் என்பதெல்லாம் அமையும். பாதியில் மாற்றினால் மனு முதலிலிருந்து தொடங்கும்.

பழையது இரிகேஷன் டிஸ்ட்ரிக்ட். 1887-இல் வந்த ரைட் சட்டத்தில் பிறந்தது. டர்லாக் அதே ஆண்டில் முதலாவதாக அமைந்தது. இதில் இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது அங்கே குடியிருக்கும் பதிவு பெற்ற வாக்காளர்கள். கவுண்டி வாட்டர் டிஸ்ட்ரிக்டிலும் ஓட்டு குடியிருப்பவர்களுக்கே. வீடுகள் நிறைந்த பகுதிக்கு இவை பொருந்தும்.

வீடு குறைவு, நிலம் அதிகம், பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள் என்றால் எடுக்க வேண்டியது ‘கலிஃபோர்னியா வாட்டர் டிஸ்ட்ரிக்ட்’ சட்டம். நீர்ச் சட்டத் தொகுப்பில் 34000-ஆம் பிரிவிலிருந்து தொடங்குவது. இதில் எல்லாமே நிலத்தின் உரிமையாளரைச் சுற்றித்தான். கையெழுத்து, ஓட்டு, இயக்குநர் பதவி மூன்றுமே நிலத்தோடு போகும். வெளிநாட்டுக் குடிமகனானாலும், எல்எல்சி (ஒருவகைத் தனியார் நிறுவனம்) ஆனாலும், நிலம் இருந்தால் ஓட்டு உண்டு. அங்கே பத்து வருடமாக வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை. 1952-இல் நிலவுடைமையாளர் மனுவில் பிறந்து இன்று 6 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கும் வெஸ்ட்லேண்ட்ஸ் இந்த வகைதான்.

இது நியாயமா என்று கேட்டால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கேள்விதான் இது. டுலேர் ஏரிப் படுகையில் ஒரு நீர்ச் சேமிப்பு டிஸ்ட்ரிக்ட். 1,93,000 ஏக்கர், குடியிருப்பவர்கள் 77 பேர். நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தில் பயிர் செய்வது நாலு கம்பெனிகள். நிலத்தின் மதிப்புக்கேற்ப ஓட்டு என்பது செல்லும் என்று 1973-இல் தீர்ப்பு வந்தது. வேலை முழுக்க நிலத்தைச் சார்ந்தது, செலவும் நிலத்தின் தலையில் விழுகிறது என்பதே காரணம். இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நீங்கள் மனு எழுதுகிறீர்கள். ஆகவே டிஸ்ட்ரிக்டின் வேலையைத் தண்ணீரோடு நிறுத்துங்கள். பூங்கா, தெருவிளக்கு என்று ஆசைப்பட்டால் அடித்தளம் ஆட்டம் காணும்.

இந்தக் கட்டுரையின் மற்ற பகுதி முழுக்க இந்த வகையை வைத்தே.

மூன்று பட்டியல் அல்ல, ஒரே பட்டியல் மூன்று முறை

கவுண்டியில் சொத்து வரிக்காக மதிப்புப் போடும் அசெஸர் அலுவலகத்தில் கடைசியாக முடித்த மதிப்பீட்டுப் பதிவேட்டை வாங்குங்கள். நம்மூர் சர்வே எண் போல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பார்சல் எண் இருக்கும். எக்ஸெல்லில் ஒரு வரிக்கு ஒரு பார்சல். எண், பதிவேட்டில் உள்ளபடியே உரிமையாளர் பெயர், அஞ்சல் முகவரி, ஏக்கர், நிலத்தின் மதிப்பு, கட்டடம் மற்றும் மேம்பாட்டின் மதிப்பு. கடைசி இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டிவிடாதீர்கள். ஓட்டுக்கு வேண்டியது நிலத்தின் மதிப்பு மட்டும்.

இனி முக்கியமான இடம். மனு செல்லுபடியாக, நீர் பயன்படக்கூடிய நிலத்தின் பரப்பில் பாதிக்கு மேல் உரிமை உள்ளவர்கள் கையெழுத்திட வேண்டும். எதிர்ப்பும் ஓட்டும் எண்ணப்படுவதோ மதிப்பில். ஒரு டாலர் மதிப்புக்கு ஓர் ஓட்டு. இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லாத் தப்புக்கும் தாய்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 4,000 ஏக்கர் என்று வையுங்கள். மேய்ச்சல் நிலக்காரர் ஒருவருக்கு 1,900 ஏக்கர். தாத்தா காலத்து மதிப்பு, ஏக்கருக்கு 400 டாலர், ஆக 7.6 லட்சம் டாலர். பழைய திராட்சைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு 500 ஏக்கர், ஏக்கருக்கு 2,000, ஆக 10 லட்சம். மற்ற சிறு நிலக்காரர்கள் 600 ஏக்கர், ஏக்கருக்கு 3,000, ஆக 18 லட்சம். சமீபத்தில் வந்து வாங்கிய ஒரு கம்பெனிக்கு 1,000 ஏக்கர், ஏக்கருக்கு 12,000, ஆக 1.2 கோடி. மொத்த மதிப்பு 1.556 கோடி டாலர்.

மேய்ச்சல்காரரும் திராட்சைக் குடும்பங்களும் கையெழுத்திட்டால் 2,400 ஏக்கர். பரப்பில் 60 சதவீதம். மனு செல்லும், எல்லோரும் கைகுலுக்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ஓட்டு 17.6 லட்சம், அதாவது 11 சதவீதம்தான். கம்பெனி ஒன்றின் கையில் 77 சதவீதம். அவர்கள் ஒரே ஒரு எதிர்ப்புக் கடிதம் கொடுத்தால் போதும், ஒன்றரை வருட வேலை அன்றைக்கே முடிந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1978-இல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டம் காரணம். வாங்கிய ஆண்டின் மதிப்பிலிருந்து வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் மதிப்பு ஏறும். கை மாறும்போதுதான் சந்தை விலைக்குத் தாவும். விளைநிலமாகவே வைத்திருப்பதாக வில்லியம்சன் சட்டப்படி ஒப்பந்தம் போட்ட நிலத்தின் மதிப்பு இன்னும் கீழே நிற்கும். அதனால் ஊரில் மூத்த குடும்பம், நிறைய நிலம் என்பதெல்லாம் பதிவேட்டில் எடுபடாது. புதிதாக வந்தவரிடம்தான் ஓட்டுக் குவியும். அவரிடம்தான் முதலில் போய்ப் பேச வேண்டும். அதுவும் அவரிடம் மனுவை நீட்டுமுன், எல்லைக் கோடு வரையுமுன்.

நம் உதாரணத்தில் அந்தக் கம்பெனி ஒத்துவராவிட்டால் என்ன செய்வது? அவர்கள் நிலத்தை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். மீதி 3,000 ஏக்கர், 35.6 லட்சம் டாலர். மேய்ச்சல்காரரும் திராட்சைக் குடும்பங்களும் சேர்ந்தால் 49.4 சதவீதம். சிறு நிலக்காரர்களில் கொஞ்சம் பேர் வந்தால் போதும். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததில் தோற்கிற விஷயம் ஜெயிக்கிற விஷயமாகிவிட்டது.

எல்லைக் கோடு

கலிஃபோர்னியா வாட்டர் டிஸ்ட்ரிக்டில் நிலங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பாசோ ரோப்ளஸ் படுகையில் நடந்தது நல்ல பாடம். படுகை முழுவதையும் ஒரே டிஸ்ட்ரிக்டாக்க 2014-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். நிலக்காரர்களுக்கு 6, குடியிருப்பவர்களுக்கு 3 என்று 9 இயக்குநர்கள். 2016 மார்ச் வாக்கெடுப்பில் அது தோற்றது. அடுத்த ஆண்டே அதே படுகையில் ஷாண்டன்-சான் ஹுவான், எஸ்ட்ரெல்லா-எல் போமர்-கிரெஸ்டன் என்று இரண்டு டிஸ்ட்ரிக்டுகள் நிலவுடைமையாளர் மனு வழியாகவே பிறந்தன. எல்லோரையும் இழுத்துப் போட்டதில் தோற்றது, வருகிறவர்களை வைத்துச் செய்ததில் நடந்தது.

இதற்கும் விலை உண்டு. வரைபடம் செல்லரித்த துணி மாதிரி இருக்கும். ஒவ்வொரு தனித் துண்டுக்கும் தனி எல்லை விவரம் எழுத வேண்டும், சர்வேயர் கட்டணம் அந்த அளவுக்கு ஏறும். நடுவில் விட்டுப்போன நிலத்தின் நிலத்தடி நீர் கவுண்டியின் பொறுப்பில் இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி என்றாகும்.

வரைபடத்தையும் எல்லை விவரத்தையும் உரிமம் பெற்ற சர்வேயரிடமே கொடுங்கள். கடைசியில் இவை மாநில வரி வாரியத்துக்குப் போகும். அங்கே தொடக்கப் புள்ளி, திசை-தூர வரிசை, வடக்குக் குறி, அளவுகோல், ஏக்கர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எல்லை விவரத்தின் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து மூடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்சலைப் பாதியாக வெட்டும் கோடு வேண்டவே வேண்டாம். வெட்டினால் மதிப்பையும் பிரிக்க வேண்டும், வரிப் பட்டியலிலும் தலைவலி.

அரசு நிலம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அரசு அமைப்பும் நிலவுடைமையாளராகக் கணக்கில் வரும். நெடுஞ்சாலை, வழித்தடம், கால்வாய் மட்டும் வராது.

மனுவும் கையெழுத்தும்

கையெழுத்து வாங்கத் தொடங்குமுன், லாஃப்கோ நிர்வாக அதிகாரியிடம் ‘மனு சுற்றுக்கு விடப் போகிறோம்’ என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். லாஃப்கோ ஒவ்வொரு கவுண்டியிலும் உண்டு. 1963-இல் வந்தது, கவுண்டி போர்டு உறுப்பினர், நகரசபை உறுப்பினர், பொதுமக்களில் ஒருவர் என்று அதில் உட்கார்ந்திருப்பார்கள். அறிவிப்பில் மனுதாரர் பெயர், முகவரி, 500 வார்த்தைக்கு மிகாமல் காரணம். இதற்கு முன் வாங்கிய கையெழுத்து எத்தனை இருந்தாலும் வீண். உற்சாகத்தில் முதல் கூட்டத்திலேயே பேப்பரை நீட்டிவிடுவது வழக்கமாக நடக்கும் தப்பு.

மனுவில் இருக்க வேண்டியவை: எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள் என்பது (2000-ஆம் ஆண்டின் கோர்டீஸ்-நாக்ஸ்-ஹெர்ட்ஸ்பெர்க் சட்டம், அதோடு வாட்டர் டிஸ்ட்ரிக்ட் சட்டம்), என்ன மாற்றம் வேண்டும், எல்லை விவரமும் வரைபடமும், நீங்களே முன்வைக்கும் நிபந்தனைகள், காரணம், கையெழுத்திட்டவர்கள் நிலவுடைமையாளர்களா வாக்காளர்களா, தலைமை மனுதாரர்களின் பெயரும் முகவரியும் (3 பேருக்கு மேல் கூடாது), அருகிலுள்ள நகரங்கள், டிஸ்ட்ரிக்டுகளின் செல்வாக்கு எல்லைகளோடு (பிற்காலத்தில் அவை விரியலாம் என்று குறித்து வைத்த பகுதி) பொருந்துகிறதா என்ற குறிப்பு, நடவடிக்கை எடுக்கக் கோரிக்கை. டிஸ்ட்ரிக்டின் பெயரையும் இயக்குநர் எண்ணிக்கையையும் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக 5 பேர்.

முதல் கையெழுத்திலிருந்து 6 மாதத்துக்குள் எல்லாக் கையெழுத்தும் முடிய வேண்டும். கடைசிக் கையெழுத்திலிருந்து 60 நாளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். ஆகவே தேதி போடாத கையெழுத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பேனாவைக் கொடுப்பவரே பக்கத்தில் நின்று, ‘தேதி போடுங்க, பார்சல் எண்ணையும் எழுதுங்க’ என்று சொல்ல வேண்டும்.

தள்ளுபடியாவது பெரும்பாலும் பெயரில்தான். பதிவேட்டில் குடும்ப டிரஸ்ட் பெயர், கையெழுத்தோ வெறும் சொந்தப் பெயர். டிரஸ்ட் என்றால் ‘இன்ன டிரஸ்டின் டிரஸ்டி’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எல்எல்சி, கம்பெனி என்றால் அவருக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டு என்பதற்குத் தீர்மான நகல். கணவன் மனைவி, அண்ணன் தம்பி கூட்டுச் சொத்து என்றால் எல்லோரும் கையெழுத்திடுவதே நல்லது, இல்லாவிட்டால் அவரவர் பங்கு மட்டும் எண்ணப்படும் நிலை வரும். அப்பா இறந்து பதிவேட்டில் இன்னும் அவர் பெயரே இருந்தால், வாரிசுச் சான்று முடியும்வரை அந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் வாங்கியவர், பதிவு செய்த பத்திரத்தின் நகலை இணைக்க வேண்டும். குத்தகைதாரர் கையெழுத்து எதற்கும் உதவாது. முப்பது வருடமாக அவர்தான் அந்த நிலத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றாலும்.

இதனால்தான் 51 சதவீதத்தோடு நிற்காதீர்கள் என்கிறோம். பரப்பில் 60, 65 சதவீதம் கையில் இருந்தால்தான் சரிபார்ப்பில் உதிர்ந்ததுபோக மிச்சம் நிற்கும். தாக்கலான பிறகு கையெழுத்துகளைச் சரிபார்க்க நிர்வாக அதிகாரிக்கு வேலை நாள் கணக்கில் 30 நாள். போதவில்லை என்று வந்தால், குறையைச் சரிக்கட்ட துணை மனு கொடுக்க 15 நாள்தான். அறுவடைக் காலத்தில் அந்த 15 நாள் வந்து விழுந்தால் ஆளைப் பிடிப்பதே கஷ்டம். செப்டம்பரில் தாக்கல் செய்யாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

லாஃப்கோ மேசையில்

மனுவோடு விண்ணப்பப் படிவம், சேவைத் திட்டம், செலவை ஈடுகட்டும் முன்பணம், வழக்கு வந்தால் லாஃப்கோவின் செலவை நீங்களே ஏற்பதாக ஒப்பந்தம். முன்பணம் பல ஆயிரம் டாலர். தீர்ந்தால் மறுபடி கேட்பார்கள்.

சேவைத் திட்டத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். என்ன சேவை, எந்த அளவுக்கு, எப்போதிருந்து, எந்தப் பணத்தில் என்று எண்ணோடு எழுத வேண்டும். 4,000 ஏக்கரில் பாசனம் எவ்வளவு ஏக்கர், வருடத்துக்கு எத்தனை ஏக்கர்-அடி இறைக்கப்படுகிறது? ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், சுமார் 12.33 லட்சம் லிட்டர். சான் வாகின் பள்ளத்தாக்கில் வளர்ந்த பாதாம் தோட்டம் ஏக்கருக்கு வருடம் 3 முதல் 4 ஏக்கர்-அடி குடிக்கும். 1,500 ஏக்கர் பாதாம் என்றால் 4,500-லிருந்து 6,000. இந்த எண்ணை எழுதிவிட்டு ‘தண்ணீர்ப் பற்றாக்குறை இல்லை’ என்று அடுத்த பத்தியில் எழுத முடியாது, படிப்பவர்கள் படிப்பார்கள். முதல் மூன்று வருட வரவு செலவும் வேண்டும்: வக்கீல், பகுதிநேர மேலாளர், காப்பீடு, தணிக்கை, தேர்தல் செலவு.

சுற்றுச்சூழல் ஆய்வு தனி. 1970-இன் சட்டப்படி, மனு வழியாக வரும் விண்ணப்பத்தில் லாஃப்கோவே ஆய்வை நடத்தும் முதன்மை முகமையாக இருப்பது வழக்கம். செலவு உங்களுடையது. வாய்க்கால் வெட்டும் திட்டம் எதுவும் இல்லை, நிர்வாகம் மட்டுமே என்றால் இது சுருக்கமாக முடியலாம். ‘பிறகு அணை கட்டலாம்’ என்று சேவைத் திட்டத்தில் ஒரு வரி நுழைத்தால் அந்த அணையின் பாதிப்பையும் ஆராயச் சொல்வார்கள். கட்டப் போகாததை எழுதாதீர்கள். முடிவு வந்ததும் கவுண்டி கிளார்க்கிடம் அதற்குரிய அறிவிப்பைத் தாக்கல் செய்கிறார்களா என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்ற அறிவிப்போ முழு ஆய்வோ என்றால், தாக்கலானபின் வழக்குப் போட 30 நாள்தான். ஆய்வே தேவையில்லை என்ற விலக்கு என்றால் 35. தாக்கல் செய்யாமல் விட்டால் 180 நாள் கதவு திறந்தே கிடக்கும்.

எல்லாம் நிறைவானால் நிர்வாக அதிகாரி தாக்கல் சான்று தருவார். அதிலிருந்து 90 நாளுக்குள் விசாரணை, 21 நாள் முன்னறிவிப்போடு. ஆணையம் ஏற்கலாம், மறுக்கலாம், எல்லையை மாற்றலாம், நிபந்தனை போடலாம். எல்லையை மாற்றினால் உடனே எக்ஸெல்லைத் திறந்து மறுபடி கூட்டுங்கள். யாரோ இரண்டு பேர் கேட்டார்கள் என்று 300 ஏக்கரை வெளியே விட்டால் ஓட்டுக் கணக்கே புரளலாம். மறுபரிசீலனை கேட்க முடிவிலிருந்து 30 நாள்.

எதிர்ப்பும் ஓட்டும்

அடுத்தது எதிர்ப்பு விசாரணை. எழுத்தில் கொடுத்த எதிர்ப்புகளே எண்ணப்படும். நிலத்தின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ எதிர்த்தால் எல்லாம் முடிந்தது. ஆணையம் விலக்குத் தந்தாலொழிய ஒரு வருடத்துக்கு அதே மனுவை மறுபடி கொண்டுவர முடியாது.

இந்தக் கட்டம் தாண்டினால் நிலவுடைமையாளர் வாக்கெடுப்பு, அதோடேயே முதல் இயக்குநர்கள் தேர்தல். இயக்குநர் நிலத்தின் உரிமையாளராகவோ அவருடைய சட்டப் பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு மறுபடி அதே சிக்கல்: யார் ஓட்டுப் போடுவது என்ற அதிகாரப் பத்திரம். மனுவுக்குத் தந்த தீர்மானத்தில் ‘கையெழுத்திட’ என்று மட்டும் இருந்து ‘ஓட்டளிக்க’ என்று இல்லாமல் போனால் அந்த ஓட்டு போச்சு. முதல் தடவை தீர்மானம் எழுதும்போதே மனு, எதிர்ப்பு, ஓட்டு, பிரதிநிதி நியமனம் நான்கையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுங்கள்.

பணம்

சொத்து வரியின் அடிப்படை 1 சதவீதத்தில் புது டிஸ்ட்ரிக்டுக்குப் பங்கு கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். பணம் நிலத்தின் மேல் விதிக்கும் கட்டணத்திலிருந்துதான் வரும். அதற்கு 1996-இன் 218-ஆம் முன்மொழிவைத் தாண்ட வேண்டும். பொறியாளர் அறிக்கை, ஒவ்வொரு பார்சலுக்கும் எவ்வளவு என்ற கணக்கு, விசாரணைக்கு 45 நாள் முன்னால் தபாலில் அறிவிப்பும் வாக்குச் சீட்டும். இங்கே ஓட்டின் எடை ஏக்கரும் இல்லை, மதிப்பும் இல்லை. கட்டப் போகும் தொகை. கிணறு இல்லாத மேய்ச்சல்காரருக்கு ஏக்கருக்கு 1 டாலர், பாதாம்காரருக்கு 20 டாலர் என்றால், பாதாம்காரரின் ஓட்டும் ஏக்கருக்கு இருபது மடங்கு. வந்து சேர்ந்த சீட்டுகளில் எதிர்ப்பின் எடை கூடினால் கட்டணம் விழும். டிஸ்ட்ரிக்ட் இருக்கும், காசு இருக்காது.

அந்த நிலை வராமல் இருக்க, பணத்துக்கான ஒப்புதல் கிடைத்தால்தான் டிஸ்ட்ரிக்ட் அமையும் என்ற நிபந்தனையை மனுவிலேயே வைக்கலாம். கேட்க பயமாக இருக்கும், ஆனால் காசில்லாத அரசு அமைப்பின் இயக்குநராக உட்காருவதைவிட மேல்.

அமைந்த பிறகு, தேதி வரிசையில்

லாஃப்கோ நிறைவுச் சான்றைக் கவுண்டி ரெக்கார்டரிடம் பதியும். பிறகு வரைபடம், எல்லை விவரம், கட்டணத்தோடு மாநில வரி வாரியத்துக்குப் போக வேண்டும். கட்டணம் பரப்புக்கேற்ப 300 டாலரில் தொடங்கும். 2,001 ஏக்கரிலிருந்து 3,500. அடுத்த ஆண்டு வரிப் பட்டியலில் உங்கள் கட்டணம் ஏற வேண்டுமானால் டிசம்பர் 1-க்குள் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு வருட வசூல் தவறும். ஆரம்பத்திலேயே இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அறிவிப்பு நாளைக் குறிக்க வேண்டும். முதல் அறிவிப்பிலிருந்து இங்கு வர 12 முதல் 18 மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர்கள் பதவியேற்ற 30 நாளுக்குள் சொத்து விவரப் படிவம். 70 நாளுக்குள் மாநிலச் செயலரிடமும் கவுண்டி கிளார்க்கிடமும் அரசு அமைப்புகளின் பதிவேட்டில் பெயர் பதிவு. கூட்டம் நடத்த 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். ஐந்து பேர் குழுவில் மூன்று பேர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிஸ்ட்ரிக்ட் விஷயம் பேசினாலே அது சட்டவிரோதக் கூட்டம். நேற்றுவரை அப்படிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதால் இது பழகச் சற்றுக் காலம் பிடிக்கும். இணையதளமும் கட்டாயம்.

நிலத்தடி நீர் முகமையாவதுதான் நோக்கம் என்றால், அறிவிப்பு வெளியிட்டு விசாரணை நடத்தித் தீர்மானம் போட்டு, 30 நாளுக்குள் மாநில நீர்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதே நிலத்துக்கு ஏற்கெனவே கவுண்டி முகமையாக இருந்தால், இரண்டு பேர் ஒரே இடத்தில் இருக்க முடியாது. கவுண்டி விலக வேண்டும் அல்லது கூட்டு ஒப்பந்தம் வேண்டும். அந்தப் பேச்சை டிஸ்ட்ரிக்ட் பிறந்த பிறகு தொடங்கினால் கவுண்டி அவசரப்படாது. மனு சுற்றில் இருக்கும்போதே கவுண்டி நீர் அலுவலகத்தில் ஒரு வரைவு ஒப்பந்தத்தைக் கொடுத்து வைத்துவிடுங்கள்.